இரண்டு தாய்மார், ஒரே கவுன்டர்

மணமான தாயைவிட மணமாகாத தாய்க்குக் குழந்தைமீது சட்டம் கூடுதல் உரிமை தருகிறது என்று அரியலூர் கடைவீதியில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. திருமணத்தில் பிறந்த குழந்தைக்குத் தந்தைதான் முதல் பாதுகாவலர், அவருக்கு அடுத்தே தாய். ஐந்து வயதுக்குள் குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு முதலில் தாய், பிறகே தந்தை.

இந்த இரு நிலைகளையும் உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் தொட்டது. கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிக் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையெழுத்தைக் கேட்டது வங்கி. வழக்கு நடந்து 1999 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பு வந்தது: தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பை ஏற்காத நிலையில் தாயே பாதுகாவலராகச் செயல்படலாம். சட்டத்தின் வரி மட்டும் மாறவில்லை.

அடுத்தது டெல்லியில். மணமாகாத கிறித்தவப் பெண் ஒருவர் தம் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நாமினியாக்க முயன்றார். தந்தை பெயரைச் சொல், இல்லையேல் பாதுகாவலர் சான்று கொண்டுவா என்றார்கள். அவர் கிறித்தவர் என்பதால் 1956 சட்டம் கைகொடுக்கவில்லை. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின்படி நீதிமன்றம் போனார். அங்கே, தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பினால்தான் மனுவை எடுப்போம் என்றார்கள். பிள்ளை பிறந்ததே அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று அவர் சொன்னதைக் கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. தந்தை பெயரைச் சொல்லச் சொல்லி அவரை வற்புறுத்தக்கூடாது. பிறப்புச் சான்றுக்கு மணமாகாத தாயின் பிரமாணப் பத்திரம் போதும் என்றது.

இரண்டையும் அருகருகே வைத்தால், மனைவியைத் தடுத்தது சட்டத்தின் வரி என்பதும், மணமாகாதவளைத் தடுத்தது பெரும்பாலும் விண்ணப்பப் படிவம் என்பதும் புலப்படும். என் மனம் பதறுவது இரண்டாமவளுக்காகத்தான். செந்துறையிலோ ஆண்டிமடத்திலோ முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கும் ஒரு பெண், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் கைவிட்டபின் பிள்ளையைத் தானே வளர்க்கிறாள் என்று வையுங்கள். பள்ளிச் சேர்க்கையில் "அப்பா பேரு?" என்று கேட்பார்கள். பின்னால் நிற்கும் வரிசையும் காது கொடுக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கவுன்டருக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயரே போதும் என 2016இல் விதி வந்தது. திருச்சியில் ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் இடத்தை வெறுமையாக விட 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கும் ஒரு தாய் கோர்ட் படி ஏறவேண்டியிருந்தது.

மணமாகாத தந்தை? பெரும்பாலும் விலகி நிற்பவன்தான். ஆனாலும் பிள்ளையை வளர்க்க உண்மையாகவே விரும்புகிறவன் உண்டு. இங்கிலாந்தில் 2003 டிசம்பர் முதல், தாயோடு சேர்ந்து பிறப்பைப் பதிவு செய்த தந்தைக்குப் பெற்றோர் பொறுப்பு தானாகவே கிடைக்கிறது. இங்கே சான்றிதழில் பெயர் இருந்தாலும் அவன் இரண்டாமிடம்தான். நீதிமன்றத்தில் குழந்தையின் நலனைக் காட்டித்தான் வாதாடமுடியும். அது சரியென்றே நினைக்கிறேன். பொறுப்பைத் தட்டிக்கழித்தவனுக்கு ஒரு கையெழுத்தால் உரிமை கிடைக்கக்கூடாது. ஜீவனாம்சம் கொடுக்கும் கடமை மட்டும் அவனுக்கு எப்போதும் உண்டு. மணமாகாமல் பிறந்த பிள்ளையும் அதைக் கேட்கலாம்.

அரியலூரில் கேட்க வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, அதற்கான உதவித் தொலைபேசி எண் 15100.