முதுகுக் கோடு கூறும் வரலாறு

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கட்டின்றித் திரியும் குதிரைகளை மஸ்டாங் என்பர். உரியவரின்றி அலையும் கால்நடையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். 1493இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளுக்கும், 1519இல் கோர்ட்டெஸ் மெக்சிகோவுக்கும் குதிரைகளைக் கப்பலில் கொணர்ந்தனர். பின்னாளில் மனிதர் கையினின்று நழுவிய குதிரைகளின் வழிவந்தவையே மஸ்டாங்குகள்.

இவற்றுள் சில, உலர்ந்த மண்போன்ற மங்கிய நிறத்தன. குதிரை வளர்ப்போர் டன் எனக் கூறும் இந்நிறத்தை நாம் புகர்நிறம் எனலாம். பிடரி முதல் வால்வரை நடுமுதுகில் அடர்நிறக் கோடொன்று ஓடும். கால்களில் வரிகளும் தோளின்மேல் குறுக்குக் கோடும் சிலவற்றில் உண்டு. இவை தொல்குறிகள் எனப்படும்.

1977இல் ஒரிகான் மாநிலத்தின் தென்கிழக்கே, பீட்டீஸ் பியூட் என்னும் இடத்தில் அரசின் நில நிருவாகத் துறையினர் காட்டுக் குதிரைகளைத் திரட்டினர். தொல்குறியுடைய புகர்நிறக் குதிரைகள் சில அவர்கள் கருத்தைக் கவர்ந்தன. பழைய ஸ்பானியக் குதிரைகளின் எச்சமாகலாம் எனக் கருதி, அவற்றைப் பிரித்து இரு கூட்டங்களாக வேறிடங்களில் விட்டனர். கைகர் மஸ்டாங் எனப் பெயர்பெற்றவை இவையே.

ஆயின், முதுகுக் கோடு ஸ்பானியக் குலத்திற்குச் சான்றாகுமா?

1859இல் வெளியான தம் நூலில் டார்வின் இக்கோடுகளை ஆராய்ந்துள்ளார். இந்தியாவின் கத்தியவார்க் குதிரைகளுள் வரியற்றதைத் தூய குலத்ததாகக் கொள்வதில்லை என்ற செய்தியையும் குறித்துள்ளார். குதிரை, கழுதை, வரிக்குதிரை யாவற்றுக்கும் வரியுடைய மூதாதை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதற்கு மேலும் விளக்கந் தந்தது. புகர்நிறக் குதிரையின் மயிரில் ஒரு பக்கமே நிறம் படிகின்றது. மறுபக்கம் வெறுமையாதலின் உடல் மங்கித் தோன்றும். கோடுள்ள இடத்திலோ மயிர் முழுதும் நிறமேறும். டி.பி.எக்ஸ்.3 என்னும் மரபணுவே இதனை ஆள்கின்றது. புகர்நிறமே குதிரையின் தொன்னிறம் என்றும், நிறம் மங்காமை பின்வந்த மாற்றம் என்றும் அவ்வாய்வு காட்டிற்று. ஏறத்தாழ 43,000 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த குதிரையொன்றிலேயே இருவகைக் கூறுகளும் இருந்தன.

எனவே இக்கோடு ஸ்பெயினினும் பழையது. மனிதன் குதிரையைப் பழக்கிய காலத்தினும் பழையது. மங்கோலியாவின் பிரெசெவால்ஸ்கி குதிரையும் நார்வேயின் பியோர்டு குதிரையும் இதனை உடையன. பழஞ்சொல் ஒன்றை இரு மொழிகள் காத்து வைத்திருப்பதாலேயே அவை தம்முள் நெருங்கிய உறவின எனத் தமிழாசிரியர் துணியார். குதிரைக்கும் அந்நெறியே பொருந்தும். குலத்தைத் துணிய மரபணுவாய்வும் உடலமைப்பும் எழுத்துச் சான்றும் ஒருங்கே வேண்டும். கோடில்லாக் குதிரையும் அதே கப்பலில் வந்த குதிரையின் வழித்தோன்றலாய் இருத்தல் கூடுமன்றோ?