வண்ணம் பூசிய பாக்கெட்டுகள்: வி-லான் பிறந்த கதை

ஒரு அலுவலகம். கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் ஒரே மாடியில் இருக்கின்றன. இரண்டு பிரிவுக் கணினிகளும் ஒரே சுவிட்சில்தான் செருகப்பட்டிருக்கின்றன. ஆனாலும் சம்பளப் பட்டியல் இருக்கும் கணினியை விற்பனைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு எட்டிப் பார்க்க முடியாது. காரணம் வி-லான், அதாவது வர்ச்சுவல் லான். ஒரே சுவிட்சைப் பல தனித்தனி சுவிட்சுகள் போல நடந்துகொள்ள வைக்கும் ஏற்பாடு இது.

பிரிவுகளைத் தனித்தனியாகப் பூட்டி வைக்கத்தான் யாரோ இதைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தோன்றும். அதுதான் இல்லை! கண்டுபிடித்தவர் மனதில் இருந்தது டெலிபோன்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் 1973-ல் ஈதர்நெட்டுக்கு வித்திட்டார். ஒரே கேபிள், அதில் எல்லாக் கணினிகளும். ஒருவர் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். கணினிகள் பெருகியதும் கேபிள்களைப் பிரித்து, நடுவில் 'பிரிட்ஜ்' என்ற பெட்டியை வைத்து இணைத்தார்கள். இங்கே ஒரு வில்லங்கம். இரண்டு இடங்களுக்கு நடுவே இரண்டு வழி இருந்துவிட்டால், பாக்கெட் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த ஈதர்நெட்டில் எந்த எண்ணிக்கையும் கிடையாது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985-ல் இதற்கு மருந்து கண்டார்: ஸ்பானிங் ட்ரீ. பிரிட்ஜுகள் தங்களுக்குள் ஒன்றை வேராகத் தேர்ந்தெடுத்து, உபரி வழிகளை அடைத்துவிடும்.

மருந்து நல்ல மருந்துதான், பக்கவிளைவும் இருந்தது. எந்தத் தெருவுக்குப் போனாலும் ஊர் நடுவில் உள்ள ஒரே நாற்சந்தியைத் தாண்டிப் போகிற நிலைமை. அப்போது ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். பெல்கோர் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் சின்காஸ்கிக்கு இது போதவில்லை. அவர் ஈதர்நெட்டில் குரலை அனுப்பிப் பார்த்தவர். ஊர் முழுக்கப் பேசும் பேச்சு அந்த ஒரு நாற்சந்தியில் நுழையுமா?

அவர் பாக்கெட்டுகளுக்கு வண்ணம் பூசினார். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளச் சீட்டு: இது சிவப்பு, இது பச்சை, இது நீலம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனி மரம், தனி வேர். சிவப்புக்கு அடைபட்ட வழி பச்சைக்குத் திறந்திருக்கும். எல்லா வழிகளுக்கும் வேலை கிடைக்கும். சேஸ் காட்டனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1988-ல் வந்தது.

1990-ல் கல்பனா என்ற கம்பெனி, 7 போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சைக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்ததும் சந்தேகம் வரும். சரிதான், நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்துவிட்டார்! 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது.

சுவிட்சுகள் பெருகின. அலுவலகங்களுக்குச் சின்காஸ்கியின் சீட்டு வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது: பிரிவினை. ஆளாளுக்கு ஒரு முறை வைத்தார்கள். சிஸ்கோவின் ஐ.எஸ்.எல். முறை பாக்கெட்டைச் சுற்றி 30 பைட் உறை போட்டது, மற்ற கம்பெனி சுவிட்சுக்கு அது புரியாது. 1998-ல் ஐ.இ.இ.இ. வெளியிட்ட 802.1கியூ தரம் இதை 4 பைட்டில் முடித்தது. அதில் வி-லான் எண்ணுக்கு 12 பிட். ஒதுக்கிய இரண்டு எண்கள் போக மீதி 4094.

இன்றும் சுவிட்சை அமைப்பவர் செய்வது இதைத்தான். எண்களை உருவாக்கி, கணினி செருகும் போர்ட்டை ஏதாவது ஒரு எண்ணில் 'ஆக்சஸ்' ஆக வைப்பார். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே உள்ள போர்ட் 'டிரங்க்'. அங்கேதான் சீட்டு ஒட்டிப் போகும். ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரவுட்டர் வேண்டும். அங்கே காவல் விதி போடாமல் விட்டால், எண்களை மட்டும் பிரித்து என்ன பயன்? சம்பளப் பட்டியல் மறுபடியும் எட்டும் தூரம்தான்.

வேடிக்கை என்னவென்றால், 1998-ன் தரத்தில் எல்லா வி-லானுக்கும் சேர்த்து ஒரே மரம்தான். சீட்டை எடுத்துக்கொண்டார்கள், சீட்டு எதற்காகப் பிறந்ததோ அதை விட்டுவிட்டார்கள்! சிஸ்கோ தன் சொந்த முறையில் வி-லானுக்கு ஒரு மரம் வைத்திருந்தது. பொதுத் தரத்தில் பல மரங்கள் வந்தது 2002-ல், 802.1எஸ் மூலம். பெரிய டேட்டா சென்டர்களுக்கு 4094-ம் பத்தாமல் போய், 2014-ல் வெளியான வி.எக்ஸ்.லான் 24 பிட் கொடுத்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல்.

சின்காஸ்கி 2010-ல் காலமானார். இன்று அலுவலக மேஜையில் இருக்கும் ஐ.பி. போனின் பின்பக்கம் பார்த்தால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் சுவரிலிருந்து வரும் கேபிள், மற்றதில் கணினி. ஒரே கேபிளில் கணினியின் பாக்கெட் சீட்டில்லாமல் போகிறது. குரல் பாக்கெட் மட்டும் தனக்கென்று ஒரு வி-லான் எண்ணோடு, முன்னுரிமையும் வாங்கிக்கொண்டு போகிறது.