8 ஃபாக்டோரியல் மைனஸில் வந்த கதை

2016. இஞ்சினியரிங் முதல் வருஷம். ராயக்கோட்டை வீட்டில் அண்ணனோட பழைய லேப்டாப், அதில் உபுண்டு. ஃபாக்டோரியல் ப்ரோக்ராமை ஜிசிசியில் ஓட்டி, 8-க்கு 40320 என்று ரெக்கார்ட் நோட்டில் எழுதிக்கிட்டு ஓசூர் பஸ் ஏறிட்டேன். காலேஜ் லேபில் டர்போ சி. டாஸ்பாக்ஸுக்குள்ள அந்த நீலத் திரை. அதே ப்ரோக்ராம், ஒரு எழுத்து மாறலை. கன்ட்ரோல் எஃப்9 அடிச்சா... -25216!

சார் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஓட்டாமலே அவுட்புட் எழுதினியா?" மார்க் போச்சு. "வீட்ல சரியா வந்துச்சு சார்"னு சொன்னா யார் நம்புவா?

சரி, மேட்டருக்கு வருவோம். 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில், இன்ட்டுக்கு இத்தனை பிட்தான் என்று கட்டாயம் இல்லை. மெஷினுக்கு எது இயல்போ அது. அவங்க பயன்படுத்திய பிடிபி-11க்கு 16 பிட்.

1987-ல் ரெண்டு கம்பைலர் வந்தது. ஒன்று போர்லண்டின் டர்போ சி, 16 பிட் டாஸ் மெஷினுக்கு. இன்னொன்று ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிசிசி, 32 பிட் மெஷினை மனசில் வெச்சு எழுதினது. 1989-ல் வந்த ஆன்சி ஸ்டாண்டர்ட் ரெண்டு பக்கத்துக்கும் இடம் கொடுத்தது. இன்ட் குறைந்தபட்சம் 32767 வரை தாங்கணும், அதுக்கு மேல கம்பைலர் இஷ்டம்.

40320 அந்தக் கோட்டைத் தாண்டுது. டர்போ சியில் அது சுத்தி மைனஸ் பக்கம் வந்துடுச்சு. 40320-லிருந்து 65536-ஐக் கழிச்சுப் பாருங்க, என் மார்க்கைத் தின்ன நம்பர் வரும்.

ஆக, ரெண்டு கம்பைலர் மேலயும் தப்பில்லை. ரொம்ப நாள் சாரைத் திட்டிக்கிட்டிருந்தேன். உண்மையில் தப்பு என் கோடில். அதே 1989 ஸ்டாண்டர்ட், லாங் குறைந்தது 2147483647 வரை தாங்கும்னு உத்தரவாதம் கொடுக்குது. இன்ட்டை லாங் ஆக்கி, பிரின்ட்எஃப்-ல் ஒரு 'எல்' சேர்த்திருந்தா ரெண்டு இடத்திலும் 40320தான்.

இப்போ ஆபீஸில் ஜூனியர் யாராவது "என் மெஷின்ல சரியா வருதுண்ணா"ன்னு சொன்னா நான் சந்தேகப்படறதில்லை. "எந்தக் கம்பைலர்ப்பா?"ன்னுதான் முதல்ல கேட்கறேன். அன்னிக்கு என்னை யாரும் கேட்காத கேள்வி.

டிஸ்கி: 7 கொடுத்திருந்தா ரெண்டிலும் 5040 வந்திருக்கும். 8 கொடுத்தது என் நேரம்!