கிருட்டிணகிரிப் பகுதிக் கற்கருவிகளும் சக்கிமுக்கி என்னும் பெயரும்

தொல்பழங்காலக் கருவிகள் யாவற்றையும் ‘சக்கிமுக்கிக் கருவிகள்’ எனப் பொதுப்பட வழங்குவாரும் உளர். அப்பெயர் ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிக்குப் பொருந்துமா என ஆராய்வதே நம் நோக்கமாகும்.

பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையிற் கிடைத்த சக்கிமுக்கிக் கருவிகள், மாந்தர்தம் பழமைக்குச் சான்றென 1859இல் ஆங்கில அறிஞரால் ஏற்கப்பெற்றன. நான்கே ஆண்டுகளில், 1863 மே 30 அன்று, நிலவியலாளர் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். வடிவால் அவற்றை ஒத்த அது, பொருளால் வேறாகும். அது குவார்ட்சைட்டுக் கல்லாலாயது. ஆகவே, வடிவொற்றுமை கொண்டு கல்லின் பெயரையும் ஒன்றாக்குதல் தகாது.

சக்கிமுக்கி, ஐரோப்பியச் சுண்ணப்பாறைகளிற் கட்டிகளாக விளைவது. கிருட்டிணகிரியோ கருங்கற் பாறை நிலம். அதனூடே டோலரைட்டு என்னும் கரும்பாறை சுவர்போல் ஓடுகின்றது. இங்குள்ள நுண்கருவிகட்குப் பெரிதும் பயன்பட்டது வெண்ணிறக் குவார்ட்சு. புதிய கற்காலத்தார் டோலரைட்டைக் கொத்தித் தேய்த்து வழவழப்பான கோடரியாக்கினர்.

இத்தகைய கோடரிகள் கருநாடகத்துப் பிரமகிரியில் 1947இல் வீலர் நிகழ்த்திய அகழாய்விலும், 1960களில் அகழப்பெற்ற பையம்பள்ளியிலும் கிடைத்துள்ளன. இன்றைய மாநில எல்லை அப்பண்பாட்டிற்கு எல்லையன்று என்பது இதனாற் பெறப்படும்.

மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு மேற்கொண்டது. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் மாதிரிக்குக் கி.மு. 2172 என்னும் காலக்கணிப்பு 2022இல் வெளியிடப்பெற்றது. அக்கணிப்பின்படி, இரும்பிற்கு முற்பட்ட புதிய கற்காலம் கி.மு. 2200க்கும் முந்தியதாதல் வேண்டும். சென்னானூரிலும் 2024இல் அகழாய்வு நிகழ்ந்தது.

இம்முடிவுகட்கு அடிப்படை, கருவி கிடந்த அடுக்கேயன்றிக் கருவி மட்டுமன்று. உழுபடையில் அகப்பட்ட கோடரிகளை ஊர்மக்கள் கோயில்களில் வைத்து வழிபடுதல் இப்பகுதி வழக்கம். அதனால் அவை காக்கப்பெற்றன. எனினும், இடம் பெயர்ந்த கல் தன் வடிவைக் கூறுமேயன்றிக் காலத்தைக் கூறாது. கருங்கல் வெட்டும் குழிகளும் தொழிற்சாலை மனைகளும் பெருகிய இந்நிலத்தில், குன்றின் அடிவாரம் ஒருமுறை அகற்றப்படின் அதன் அடுக்குகளை மீளப் பெறுதல் இயலாது.

ஆதலின் ஆய்வு மாணவர் செய்யத்தக்கன இரண்டு. ஒன்று, கருவியை அதன் கல்லின் பெயரால் குறித்தல். மற்றொன்று, கிடைத்த இடத்தை ஊர், குன்று, நிலம் என வரையறுத்துப் பதிதல். குவார்ட்சைச் சக்கிமுக்கி என்று எழுதின், அம்மக்கள் தம் மண்ணிற் கிடைத்த கல்லின் இயல்பறிந்து தொழில் செய்த திறம் மறைந்துபோம். இடத்தைக் குறியாதொழியின், அவர்தம் காலமும் மறைந்துபோம்.