450 கோடி டொலரும் ஒரு கடதாசியும்

2003 ஜூன் 10. டோக்கியோ மாநாடு முடிந்தபோது இலங்கைக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை 450 கோடி டொலர். 51 நாடுகளும் 22 சர்வதேச அமைப்புகளும் வந்திருந்தன. யாரோடு சமாதானம் பேசுவதற்காக இத்தனை பணமோ, அந்தப் புலிகள் மட்டும் வரவில்லை. ஏப்ரலில் வொஷிங்டன் கூட்டத்துக்குத் தங்களை அழைக்காதது அவர்களுக்கு ஆறாத கோபம். மாப்பிள்ளை வராத கல்யாணத்தில் மொய் மட்டும் குவிந்தது.

முந்தைய டிசம்பரில் ஒஸ்லோவில் இரு தரப்பும் சமஷ்டியை ஆராயச் சம்மதித்திருந்தன. உடனே தெற்கில் 'நாடு பிரியப்போகிறது' என்று கூச்சல். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சமஷ்டி கேட்டு நின்றவர்கள் கண்டியச் சிங்களவர்கள்தான் என்பதைக் கூச்சலிட்டவர்கள் வசதியாக மறந்தார்கள். கண்டிய தேசிய சபை தீவுக்கு மூன்று சுயாட்சிப் பகுதிகள் கேட்டது. வடக்கு கிழக்குத் தமிழருக்கும் அதில் ஒன்று. அந்தச் சபைக்கு ஒரு பயமும் இருந்தது. பன்வில, மடுல்கலை மலைகளில் கொழுந்து பறிக்கும் இந்தியத் தமிழருக்கு வாக்குக் கிடைத்துவிட்டால்?

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது, தோட்டத்தாரில் ஒரு பகுதிக்கும் கிடைத்தது. 1948இல் பிரஜாவுரிமையே போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். அதன் பிறகும் மலையகத்தில் நாடற்றவர்கள் மிஞ்சினார்கள். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு அவர்களைத் தெரியும். வாக்காளர் இடாப்புக்குத் தெரியாது.

2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் அவர்களுக்கான சட்டத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே வசிப்பவரும் அவர் வழிவந்தவரும் பிரஜைகள். ஒரு பிரகடனக் கடதாசி, அதில் சமாதான நீதவானின் கையெழுத்து, அவ்வளவுதான். ஐ.நா. அகதிகள் அமைப்பும் கைகொடுக்க, ஆண்டு முடிவதற்குள் நடந்த பத்து நாள் இயக்கத்தில் சுமார் 1,90,000 பேர் பிரஜைகளானார்கள். டோக்கியோவின் கோடிகளைவிட இந்தக் கடதாசிதான் பெரிய சீர்திருத்தம் என்பேன்.

ஆனால் கதையில் நாம் இன்னும் ஒக்டோபரில்தான் நிற்கிறோம். 31ஆம் திகதி இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனையைப் புலிகள், அனுசரணையாளரான நோர்வேயிடம் கொடுத்தார்கள். நவம்பர் 4 அன்று பிரதமர் ரணில் வொஷிங்டனில். மறுநாள் புஷ்ஷைச் சந்திக்க வேண்டும். கொழும்பில் ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தன் கைக்கு எடுத்தார். பாராளுமன்றமும் இரண்டு வாரம் ஒத்திவைக்கப்பட்டது.

பாதுகாப்பு அமைச்சு கையில் இல்லாத பிரதமரோடு யார் சமாதானம் பேசுவார்கள்? பத்தாம் நாள் நோர்வே இதற்குச் சொன்ன பதில், அடுத்த வாரம்.