தண்டனை பத்தலையா? – தோஹா, லீல், டல்லாஸ்

லா சப்பல் பக்கம் நாலு தமிழர் சேர்ந்து டீ குடிச்சா ரெண்டு விஷயம் கண்டிப்பா வரும். ஒண்ணு விசா, இன்னொண்ணு விளையாட்டு. போன வாரம் ஊக்கமருந்து பத்திப் பேச்சு வந்தது. "மாட்டுனா வாழ்நாள் தடை போடணும்பா, அப்பதான் பயம் வரும்"னு ஒரு அண்ணன் சொல்ல, எல்லாரும் தலையாட்டினாங்க. இந்த 'தண்டனை பத்தலை' என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைக் கொஞ்சம் புரட்டலாம்னுதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுல பிறந்த சாந்தி சௌந்தர்ராஜன் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். சில நாளிலேயே பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறிச்சாங்க. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை, உடம்பு பிறந்தபடி இருந்ததுதான் குற்றம். அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவிச்ச 15 லட்சத்தை மட்டும் திரும்பக் கேட்கலை. ஆனா ஓட்டம் அத்தோட முடிஞ்சது. 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யுறார்னு செய்தி வந்தப்பதான் நாடு மறுபடி திரும்பிப் பார்த்தது. அப்புறம் பயிற்சியாளர் படிப்பு முடிச்சு, தமிழ்நாடு விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

அதே தோஹா, அதே 800 மீட்டர், 2019 ஏப்ரல். திருச்சி பக்கத்து முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2 நிமிஷம் 2.70 நொடியில் ஓடி ஆசியத் தடகளத் தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. அடுத்த மாசமே நான்ட்ரோலோன் விவகாரம் வெளியே வந்தது. நாலு வருஷத் தடை, தங்கமும் போச்சு. மேல்முறையீடும் தோத்தது.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. தோஹாவுக்கு ஒரு மாசம் முன்னாடி, மார்ச் 18-ல் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலேயே அந்த மருந்து இருந்தது. அந்த முடிவு நேரத்துக்கு வந்திருந்தா அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். தாமதம் பண்ணினவங்களுக்கு என்ன தண்டனை? ஓடினவருக்கு நாலு வருஷம் என்பது மட்டும்தான் கணக்குல இருக்கு.

சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கு. உடம்புக்குள்ள எது போனாலும் வீரரே பொறுப்பு. யார் கொடுத்தா, தெரிஞ்சு சாப்பிட்டாரா என்பதெல்லாம் தடையைக் குறைக்க மட்டுமே உதவும், அதையும் அவரேதான் நிரூபிக்கணும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையோட சுருக்கப் பேர் 'வாடா'. பேருக்கேத்த மாதிரி, "வாடா"ன்னு கூப்பிடுறது பெரும்பாலும் ஓடுறவங்களை மட்டும்தான் :-)

2011-ஐ எடுத்துக்குங்க. அதுக்கு முந்தின வருஷம் டெல்லி காமன்வெல்த்தில் 400 மீட்டர் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கின நாலு பேரில் மூணு பேர் உட்பட ஆறு வீராங்கனைகள் மாட்டினாங்க. பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் சத்துப் பொருளில்தான் கலந்திருக்குன்னு சொன்னாங்க. முதல்ல ஒரு வருஷத் தடை. 2012-ல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதை ரெண்டு வருஷமாக்கியது. உக்ரைன்காரப் பயிற்சியாளருக்கு வேலை போச்சு, அவ்வளவுதான்.

இப்ப நான் இருக்கிற நாட்டுக் கதை. பிரான்ஸ் 1965-லேயே ஊக்கமருந்துக்குச் சட்டம் போட்டது. அதுல பயன்படுத்தின வீரரும் கிரிமினல். 1989-ல் புதுச் சட்டம் வந்தப்போ யோசனை மாறியது. வீரருக்கு விளையாட்டுத் தடை போதும், கோர்ட்டும் ஜெயிலும் சப்ளை பண்றவனுக்குன்னு பிரிச்சாங்க. 1998 ஜூலையில் டூர் த பிரான்ஸ் தொடங்கும் முன், ஃபெஸ்தினா அணியின் மசாஜ்காரர் வில்லி வோட் பெல்ஜிய எல்லையில் கார் நிறைய மருந்தோட பிடிபட்டார். 2000 கடைசியில் லீல் கோர்ட் தீர்ப்பு வந்தது. வோட்டுக்கும் அணி இயக்குநர் ப்ரூனோ ரூசலுக்கும் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும். நட்சத்திர வீரர் ரிஷார் விராங்க் கோர்ட்டில் விடுதலை, ஆனா விளையாட்டுத் தடை தனியா வந்தது. 'வாடா' 1999-ல் பிறந்ததே இந்தக் களேபரத்தால்தான்.

கல்லூரி விளையாட்டில் உச்சபட்ச தண்டனைன்னா டல்லாஸ். 1987 பிப்ரவரியில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தோட அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஒரு சீசன் முழுக்கத் தடை. அதுக்குப் பேரே 'மரண தண்டனை'. 13 மாணவர்களுக்கு ரகசியமா சுமார் 61,000 டாலர் கொடுத்தாங்க, அதான் குற்றம். அடுத்த சீசனையும் பல்கலையே கைவிட்டது. எழுந்து நிக்க இருபது வருஷம் ஆச்சு. பணம் கொடுக்கிறதைத் தொடரச் சம்மதிச்ச நிர்வாகக் குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ்? அவர் அப்ப டெக்சாஸ் கவர்னர். 1991 வரைக்கும் கவர்னராவே இருந்தார்! கொடுமை என்னன்னா, 2025 ஜூனில் வந்த நீதிமன்ற ஏற்பாட்டின்படி ஒரு பல்கலை தன் வீரர்களுக்கு வருஷம் சுமார் 2 கோடி டாலர் நேரடியாவே கொடுக்கலாம்.

ஆக, கடுமை குறைவுன்னு எனக்குத் தோணலை. நாலு வருஷம் என்பது ஒரு ஓட்டக்காரரோட வாழ்க்கையில பாதி. அந்தக் கடுமையை மீறியும் 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்குச் சோதனைக்காரங்க வந்தாங்கன்னு தெரிஞ்சதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருத்தர்தான் ஓடினார். மத்தவங்க காணோம். பயம் இருக்கு, அது தப்பிச்சு ஓடத்தான் உதவுது.

கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு மாநிலப் பதக்கம்னா கல்லூரி சீட், ரயில்வே வேலை, தங்கச்சி கல்யாணம். அதைக் காட்டி ஊசியை நீட்டுறவன் வெளியே நிக்கிறான். இந்தியாவின் 2022 ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் வந்தப்போ, அந்த ஆளுக்கு அதில் சிறை வைக்கலை. பிரான்ஸ் 1989-ல் போட்ட கோடு நமக்கும் வேணும். வீரருக்குத் தடை இருக்கட்டும், விக்கிறவனுக்குக் கோர்ட். சோதனை முடிவு அடுத்த போட்டிக்கு முன்னாடி கைக்கு வரணும்.

சாந்தியோட கதை இன்னொரு எச்சரிக்கை. "கடுமையா தண்டிங்க"ன்னு கத்துற கூட்டம், தப்பே செய்யாதவங்களையும் சேர்த்துத்தான் மிதிச்சுட்டுப் போகும்.

வாழ்நாள் தடைதான் சரின்னு நினைக்கிறவங்க பின்னூட்டத்தில் வந்து கும்முங்க. ஆனா எந்த ஆளுக்குத் தடைன்னு முதல்ல சொல்லிட்டுக் கும்முங்க மக்கா.