படியும் மூலமும்

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. ஓலையைப் பார்த்து ஓலை எழுதிய காலத்து அனுபவம் அது. பெயர்த்து எழுதுவது ஒரு வேலை. எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்குவது வேறொரு வேலை. முதல் வேலை முடிந்ததுமே இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித சுபாவம். இந்தச் சுபாவத்தைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டோம்.

நான் நாவல் எழுதுகிறவன். என் இருபது வருஷத்து எழுத்து முழுவதும் உள்ளங்கை அகல வட்டு ஒன்றில் அடங்கிவிடுகிறது. அதை இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுக்க எந்த மென்பொருளை நம்பலாம் என்று தேடப் போய்த்தான் இந்தச் சரித்திரத்துக்குள் புகுந்தேன்.

1947-ஆம் வருஷம். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர் இருந்தார். அவருடைய கணக்குகள் வார விடுமுறையில் யந்திரத்தில் ஏறும். பிழை ஒன்று கண்ணில் பட்டால், யந்திரம் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் இப்படி ஆயிற்று. பிழை இருப்பதை அறியத் தெரிந்த யந்திரத்துக்கு, அது இருக்கும் இடத்தைக் கண்டு திருத்த மட்டும் ஏன் தெரியக்கூடாது என்று அவருக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்! செய்தியோடு சில இலக்கங்களைக் கூட்டி அனுப்பினால், அவற்றைக் கொண்டே பிழையைக் கண்டு திருத்தலாம் என்று 1950-இல் கட்டுரை வெளியிட்டார்.

பிற்காலத்தில் கோப்பு முழுவதற்கும் ஒரு கைரேகை எடுக்கும் முறைகள் வந்தன. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் வகுத்த எம்.டி.5 அவற்றில் பிரசித்தமானது. ஆயிரம் பக்க நாவலாயினும் ஒரு வரிக் கடிதமாயினும், 32 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கும். நாவலில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் வேறாகிவிடும். ஆனால், இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே அடையாளம் வரும்படி செய்யலாம் என்று 2004-இல் சீன அறிஞர் வாங் சியாவோயுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். ஆகவே வஞ்சகனைப் பிடிக்க எம்.டி.5 உதவாது, தற்செயலான பிழையைப் பிடிக்க இன்றும் போதும். இரண்டுக்கும் சேர்த்து வேண்டுமானால் ஷா-256 இருக்கிறது.

எழுதும்போது தவறு நேர்ந்தால் வட்டே சொல்லாதா என்று கேட்கலாம். செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சிக் கூடத்தில், தங்கள் கம்ப்யூட்டர்களில் எழுதியதைத் திரும்பப் படித்துச் சோதித்து 2007-இல் அறிக்கை எழுதினார்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமலே சில இடங்களில் எழுத்து மாறியிருந்தது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெரஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்ஸிங்க், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிப் பிரதியைப் புதுப்பிக்கும் சமர்த்து. ஆனால் சாதாரணமாக ஓட்டினால், அளவும் கடைசியாக மாறிய நேரமும் ஒன்றாயிருந்தால் உள்ளே பாராமலே அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். சட்டையைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதுபோல! உள்ளடக்கத்தை ஒப்பிடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். டெராகாப்பி, ஃபாஸ்ட்காப்பி ஆகியவற்றிலும் ஒப்பிடும் வசதி உண்டு. அது முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1998-இல் பிக்ஸார் பட நிறுவனத்தில் நடந்ததே சாட்சி. 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. தவறான ஒரே கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் ஒழுங்காகப் பதிவாகியிருக்கவில்லை. கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மனின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் தப்பினார்கள். அதன் பிறகும், ஆயிரக்கணக்கான கோப்புகளை மனிதர்கள் உட்கார்ந்து கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒப்புநோக்கும் வேலையிலிருந்து யாரும் தப்ப முடியாது போலும். முன்னால் செய்யாதவன் பின்னால் செய்கிறான்.

ஆகையால், வேகத்தைப் பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கிறதா, மூலத்தோடு ஒப்பிடுகிறதா, வேறுபாடு கண்டால் வாய்விட்டுச் சொல்கிறதா என்று மூன்று கேள்வி கேட்கிறேன். ஒரு நுட்பமும் உண்டு. எழுதிய கையோடு படிக்கச் சொன்னால், கம்ப்யூட்டர் வட்டைத் தொடாமல் தன் ஞாபகத்திலிருந்தே ஒப்பித்துவிடலாம். அதனால் வட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி, அப்புறம் படிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு நாவலின் அடையாளத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தாளையும் வட்டையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்த்துவிட்டால், மனம் நிம்மதியாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறது.